எஃகுப் பெண்களுக்கு வெண்கலச் சிலை: ஷெஃபீல்டு எழுபது ஆண்டு கழித்துச் சொன்ன நன்றி

இங்கிலாந்தின் வடக்கே ஷெஃபீல்டு நகரின் நடுவில் பார்க்கர்ஸ் பூல் என்றொரு சதுக்கம் இருக்கிறது. குளம் இப்போது பெயரில் மட்டும்தான். முன்பு அங்கே தண்ணீரைத் தேக்கிவைத்து, திறந்துவிட்டு, தெருக்களைக் கழுவினார்களாம். சதுக்கத்தில் ஏறக்குறைய தொண்ணூறு அடி உயரத்தில் எஃகுக் கொடிமரம் ஒன்று நிற்கிறது. முதல் உலகப் போரில் மாண்ட நகரத்துப் படைவீரர்களுக்காக 1925-இல் நட்டது. அதன் அடியில் நான்கு வெண்கலச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி, தலைகுனிந்து நிற்கிறார்கள். அந்தச் சின்னத்திலேயே அடுத்த போரின் தழும்பும் இருக்கிறது: 1940 டிசம்பரில் விழுந்த குண்டுகளின் சிதறல் துளைத்த குழிகள். அவற்றைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதே சதுக்கத்தில், 2016 ஜூன் 17 முதல், இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். வேலை உடை, தலையில் முடிந்த துணி, ஒருவர் கையில் மற்றவர் கை. இவர்கள் தலைகுனிந்து நிற்கவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் ஷெஃபீல்டின் உருக்காலைகளில் உழைத்த பெண்களுக்கான சிலை இது. 'எஃகுப் பெண்கள்' என்பது அதன் பெயர். செய்திருப்பது வெண்கலத்தில். ஆண்களுக்கு எஃகுக் கம்பம், எஃகுப் பெண்களுக்கு வெண்கலம் என்ற இந்தக் குறும்பை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். சிலை வார்க்க வெண்கலம்தான் தோது. ஆனாலும் அங்கே நின்று பார்க்கிறவருக்கு அது தோன்றாமல் போகாது.

இந்தச் சிலையை ஆராய எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதன் அழகு அல்ல. பெரும்பாலான நினைவுச் சின்னங்களை இருக்கிறவர்கள் இறந்தவர்களுக்கு எழுப்புகிறார்கள். இதைக் கேட்டு வாங்கியவர்களோ, யாருக்காக அது எழுப்பப்பட்டதோ அந்தப் பெண்களே. அதுவும் எண்பது வயதைத் தாண்டிய பிறகு.

ஒரு தொலைபேசி அழைப்பு

2009-ஆம் ஆண்டு. கேத்லீன் ராபர்ட்ஸ் என்ற மூதாட்டி உள்ளூர் நாளிதழான 'தி ஸ்டார்' அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். போரின்போது வயல்வேலைக்குப் போன 'நிலப்படை'ப் பெண்களுக்கு அதற்குச் சற்று முன்பு, 2008-இல், பிரிட்டன் அரசு சட்டையில் குத்திக்கொள்ளும் நினைவு வில்லை கொடுத்திருந்தது. அவர்களைப் பற்றித் தொலைக்காட்சியில் பார்த்ததும் கேத்லீனுக்குப் பொறுக்கவில்லை. அவர்களுக்கு மரியாதை செய்யட்டும், நல்லதுதான். உருக்காலையில் வெந்த எங்களைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை? இதுதான் அவருடைய கேள்வி.

கேத்லீனின் நெஞ்சில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கடிதம் உறுத்திக்கொண்டிருந்தது. போர் முடிந்தபோது ஆலையிலிருந்து வந்தது. இனி உங்கள் சேவை தேவைப்படாது என்று சொன்ன கடிதம். அதில் நன்றி என்ற ஒரு சொல் இல்லை. வேலை போனதைக்கூட அவர் மன்னித்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்லைத்தான் கடைசிவரை மறக்கவில்லை.

செய்தி வெளியானதும் அவரைப் போன்ற மூவர் கூடச் சேர்ந்தார்கள்: கிட் சோலிட், ரூபி கேஸ்காயின், டோரதி ஸ்லிங்ஸ்பி. இந்த நால்வரும்தான் இயக்கத்தின் முகம். நாளிதழ் தன் பக்கங்களைத் திறந்துவிட்டது. நகர மன்றமும் பக்கபலமாக நின்றது. ஆலைக்குப் போய்வந்த மற்றப் பெண்களும், அப்படிப் போய்வந்த அம்மாவையும் பாட்டியையும் பற்றிச் சொல்லப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முன்வந்தார்கள். பல வீடுகளில் இந்தக் கதை அதுவரை பேசப்பட்டதே இல்லை.

ஆலைக்குள்

ஷெஃபீல்டு என்றால் உருக்கு. கத்தி, அரம், கவசத் தகடு, பீரங்கிக் குழாய் என்று அந்த ஊர் செய்யாத உருக்குச் சாமான் குறைவு. டான் ஆற்றங்கரையில் ஆலைகள் மைல்கணக்கில் நீண்டு கிடந்தன. ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் மெர்லின் இயந்திரத்துக்கு வேண்டிய சுழல்தண்டை அடித்து உருவாக்கும் 15 டன் சம்மட்டி, பிரிட்டனிலேயே இங்கிருந்த விக்கர்ஸ் ஆலையில் ஒன்றுதான் இருந்தது என்பார்கள். ஜெர்மானிய விமானங்கள் 1940 டிசம்பர் 12-ஆம் தேதி இரவும் 15-ஆம் தேதி இரவும் இந்த ஊரைத் தேடி வந்ததில் வியப்பில்லை. 660-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மார்ப்பிள்ஸ் என்ற ஒரே விடுதியின் நிலவறையில் பதுங்கியிருந்தவர்களில் மட்டும் சுமார் எழுபது பேர். முதல் இரவு அடிவாங்கியது பெரும்பாலும் கடைவீதிகளும் வீடுகளும்தான், ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஓட்ட ஆள் வேண்டுமே. ஆண்கள் படைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1941-இல் பெண்கள் தங்கள் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற ஆணை வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், 20 முதல் 30 வயதுக்கு உட்பட்ட மணமாகாத பெண்களைக் கட்டாயப் பணிக்கு அழைக்கும் சட்டமும் வந்தது. கடை, தையல், வீட்டுவேலை என்றிருந்தவர்கள் கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஆலை வாசலில் நின்றார்கள். விரும்பிப் போனவர்களும் உண்டு. வேறு வழியின்றிப் போனவர்கள் அதைவிட அதிகம். சிலை இந்த வேறுபாட்டைக் காட்டாது.

உள்ளே என்ன வேலை? கடைசல் இயந்திரம், துளைப்பு, வார்ப்படம், பழுக்கக் காய்ந்த உருக்குக் கம்பியை உருளைகளுக்கு இடையே செலுத்துவது, முடிந்த உதிரியை அளவு பார்ப்பது. எல்லாவற்றிலும் கிரேன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆலைக் கூரையை ஒட்டி, இரண்டு பக்கச் சுவர்களிலும் பதித்த தண்டவாளத்தில் ஓடும் கிரேன் அது. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறித்தான் அதன் கூண்டுக்குப் போக முடியும். கீழே உலைகள் எரிகின்றன. புகையும் சூடும் மேலே எழுந்து, கூரையில் முட்டி, அங்கேயே தங்குகின்றன. அந்தக் கூண்டுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் சில நெம்புகோல்கள். அவள் கை அசைவில், உருகிய உருக்கு நிரம்பிய கொப்பரை ஆட்களின் தலைக்கு மேலே நகர்கிறது. சற்றே வெடுக்கென்று இழுத்தாலும் கொப்பரை ஆடும், ஆடினால் தளும்பும். பேச்சு காதில் விழாத இரைச்சலில், கீழே நிற்பவரின் கைச்சைகை மட்டுமே பேச்சு. விமானத் தாக்குதல் சங்கு ஊதினால் மற்றவர்கள் பதுங்குகுழிக்கு ஓடலாம். கொப்பரையை நடுவானில் தொங்கவிட்டு அவள் இறங்க முடியாது. குண்டு விழுந்தால் முதலில் பெயர்வதும் அந்தக் கூரைதான்.

சிலையில் இருக்கும் தலைத்துணியும் ஒப்பனைக்காக வைத்ததல்ல. கடைசல் இயந்திரத்தின் சுழலும் தண்டில் ஒரு கொத்து முடி சிக்கினால் தலைத்தோலோடு பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் முடியைச் சுருட்டி ஏற்றி, துணியால் இறுகக் கட்டினார்கள். முன்நெற்றியில் மட்டும் ஒரு சுருளை வெளியே விட்டுக்கொண்டவர்கள் உண்டு என்பதும் அந்தக் காலப் படங்களில் தெரிகிறது. மேற்பார்வையாளர்கள் திட்டியிருப்பார்கள். விட்டார்கள்தான்.

கூலி

இந்தப் பகுதியைச் சிலைகள் சொல்வதில்லை. ஆகையால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1940 மே மாதத்தில் பொறியியல் தொழிற்சங்கமும் முதலாளிகளும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஆணின் வேலைக்கு வரும் பெண் 32 வாரம் கழித்து ஆணின் முழுக் கூலியையும் பெறுவாள் என்றது ஒப்பந்தம். கூடவே ஒரு நிபந்தனை: கூடுதல் மேற்பார்வையோ உதவியோ இல்லாமல் அவள் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. பழுதுபார்க்க ஓர் ஆண் வந்து எட்டிப் பார்த்தால், இயந்திரத்தில் அச்சைப் பொருத்திக் கொடுத்தால், அது 'உதவி'. உதவி இருந்தால் முழுக் கூலி இல்லை. 1944 ஜனவரியில் உலோக, பொறியியல் தொழில்களில் பெண்ணின் சராசரி வாரக் கூலி சுமார் மூன்றரை பவுண்டு, ஆணுக்கு ஏழு. சரிபாதி. ஸ்காட்லாந்தின் ஹில்லிங்டனில் ரோல்ஸ் ராய்ஸ் ஆலைப் பெண்கள் 1943-இல் வேலைநிறுத்தம் செய்தது இந்தக் கணக்கைப் பொறுக்க முடியாமல்தான்.

இதைவிடக் கசப்பானது இன்னொன்று. விமானக் குண்டில் காயம்பட்ட பொதுமக்களுக்கு அரசு தந்த உதவித்தொகையிலும் 1943 வரை பெண்ணுக்குக் குறைவாகத்தான் கொடுத்தார்கள். ஒரே குண்டு, ஒரே தெரு, ஒரே கால்முறிவு. பெண்ணின் காலுக்கு விலை கம்மி. நாடாளுமன்றத்தில் கட்சி வேறுபாடின்றிப் பெண் உறுப்பினர்கள் போராடித்தான் அதை மாற்றினார்கள்.

வீட்டுக்கு அனுப்பியதும் ஏதோ மேலாளரின் மனக்கடினத்தால் நடந்ததல்ல. போருக்கு முந்தைய வேலை நடைமுறைகளை மீட்டுத் தருவோம் என்று தொழிற்சங்கங்களுக்கு அரசு வாக்களித்து, 1942-இல் அதைச் சட்டமாகவே இயற்றியிருந்தது. பெண்கள் இயந்திரத்தைக் கற்றுக்கொண்டிருந்த அதே நாட்களில், அவர்களை அனுப்பிவைக்கும் ஏற்பாடும் காகிதத்தில் ஏறிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் சிப்பாய்க்கு வேலை வேண்டும் என்பது நியாயம்தான்; அந்தப் பெண்களில் பலரும் அதை மறுக்கவில்லை. ஆனால் கேத்லீனுக்கு வந்த கடிதத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் படித்தால், அதில் நன்றி ஏன் இல்லை என்பது புரிகிறது. இவர்கள் நடைமுறைக்கு விதிவிலக்கு, விதிவிலக்கு முடிந்துவிட்டது. அவ்வளவுதான் கணக்கு.

நன்றி, பலகை, சிலை

இயக்கம் நடந்த விதத்தைப் பார்த்தால் அதன் சாமர்த்தியம் தெரியும். எடுத்த எடுப்பில் சிலை வேண்டும் என்று யாரும் நிற்கவில்லை. முதலில் கேட்டது ஒரு நன்றியை. 2010-இல் நால்வரும் லண்டன் போனார்கள். அப்போதைய பிரதமர் கார்டன் பிரவுன் அவர்களைச் சந்தித்து நன்றி சொன்னார். அடுத்து 2011-இல், பார்க்கர்ஸ் பூலில் உள்ள சிட்டி ஹால் என்ற இசை அரங்கில் ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. வேறு ஊராக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பலகை வைத்து, படம் பிடித்து, தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவது எந்த நிர்வாகத்துக்கும் வசதியான முடிவு. இந்தப் பெண்கள் பலகையை முன்பணமாக மட்டுமே எடுத்துக்கொண்டார்கள்.

சிலைக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல் தேவைப்பட்டது. பொதுமக்களும் நிறுவனங்களும் கொடுத்தார்கள்; சிட்டி ஹாலில் இசை நிகழ்ச்சி நடத்தியும் பணம் சேர்த்தார்கள். பணம் சேர்ந்த கதையைவிட முக்கியமானது அது சேர எடுத்துக்கொண்ட காலம். கேட்டவர்கள் எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள், தொண்ணூறைத் தொட்டவர்கள். எந்த நிதி திரட்டலிலும் காலக்கெடு ஒன்றை எழுதி வைப்பார்கள். இங்கே எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தொலைபேசி அழைப்புக்கும் திரைவிலக்கலுக்கும் இடையே ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளில் எத்தனை வீடுகளில் பார்க்க வேண்டியவர்கள் போய்ச்சேர்ந்திருப்பார்கள்.

சிலை செய்யும் பொறுப்பு மார்ட்டின் ஜென்னிங்ஸிடம் போனது. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தில், தொப்பியைப் பிடித்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்க்கும் கவிஞர் ஜான் பெட்ஜமன் சிலையைச் செய்தவர் அவர்தான். மனிதர்கள் நிற்கும் விதத்திலேயே அவர்கள் குணத்தைச் சொல்லிவிடும் கை அவருடையது.

அவர் செய்த இரண்டு பெண்களின் அருமை, லண்டனில் உள்ள இன்னொரு சின்னத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். வைட்ஹாலில், நாட்டின் தலைமைப் போர்நினைவுச் சின்னத்துக்கு அருகில், இரண்டாம் உலகப் போரின் பெண்களுக்காக 2005-இல் எலிசபெத் அரசி திறந்துவைத்த வெண்கலச் சின்னம் ஒன்று இருக்கிறது. ஜான் மில்ஸ் செய்தது; 22 அடி உயரம். அதில் பெண் யாரும் இல்லை. சுற்றிலும் 17 உடைகள் கொக்கியில் மாட்டித் தொங்குகின்றன: சீருடை, வேலை அங்கி, தொப்பி, பை. வேலை முடிந்தது, உடையைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது சிற்பியின் கருத்து. கருத்தில் குறை சொல்ல முடியாது, நடந்ததும் அதுதான். ஆனால் அந்தச் சின்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழும் சங்கடம் இது: கழற்றி மாட்டிவிட்டுப் போனார்களா, கழற்றச் சொல்லி அனுப்பினார்களா? கொக்கியில் தொங்கும் உடை அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஷெஃபீல்டில் உடைக்குள் ஆள் இருக்கிறார். முகம் இருக்கிறது. உடைக்குள்ளிருந்த பெண்களே முன்னால் வந்து கேட்டுக்கொண்டிருக்கையில், வெற்று உடையை வைத்துவிட்டு யாராலும் தப்ப முடியாது. ஒருவராக இல்லாமல் இருவராக நிற்பதும் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒற்றைப் பெண்ணை நிறுத்தியிருந்தால் அவள் ஒரு வீராங்கனை ஆகியிருப்பாள். பீடத்தில் ஏறி எட்டாத உயரத்துக்குப் போயிருப்பாள். இரண்டு பேர் கைகோத்து நின்றதும் அது இரவு வேலை முடித்து வெளியே வரும் தோழிகளின் கோலம் ஆகிவிடுகிறது.

இடத்தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலைகள் இருந்த டான் பள்ளத்தாக்கின் ஓரத்தில் எங்காவது வைத்திருந்தாலும் பொருத்தம் என்று வாதாடியிருக்கலாம். அங்கே பழைய ஆலை நிலத்தில் இன்று மெடோஹால் என்ற பெரிய வணிக வளாகம் நிற்கிறது, கூட்டத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் நகரம் மலர்வளையத்தோடு கூடுவது பார்க்கர்ஸ் பூல் கொடிமரத்தடியில். 1925-இலிருந்து அந்தச் சதுக்கத்தில் போர் என்றால் சிப்பாய் மட்டும்தான். அதே கல்தளத்தில் பெண்களை நிறுத்தியதால், அந்த நாளில் வரும் ஒவ்வொருவர் கண்ணிலும் அவர்கள் படாமல் போக வழியில்லை.

திறப்பு நாளில், ஆலைகளில் உழைத்த பெண்களில் நூறுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்கள், மகளின் தோளைப் பிடித்து நடந்து வந்தவர்கள். நால்வரும் இருந்தார்கள். பிழைத்திருந்த பெண்களுக்கு நினைவுப் பதக்கமும் கிடைத்தது. சிலையைவிடப் பதக்கத்தைப் பெரிதாக நினைத்தவர்களும் இருந்திருக்கலாம்; அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் அல்லவா.

குறைகள்

குறையே இல்லாத வெற்றி என்று இதை எழுதினால் ஆய்வு ஆகாது.

சிலை நன்றி சொல்கிறது; ஏன் தாமதமாயிற்று என்று சொல்லவில்லை. பாதிக் கூலியும் வேலைநீக்கக் கடிதமும் அந்தச் சதுக்கத்தில் எங்கும் இல்லை. நினைவுச் சின்னத்தில் குறைகளையா பொறித்து வைப்பார்கள் என்று கேட்கலாம். பக்கத்துச் சின்னத்தின் குண்டுத் தழும்பை அப்படியே விட்டுவைத்த ஊர் இது. இதையும் தாங்கியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். பிரிட்டனில் சம வேலைக்குச் சம கூலிச் சட்டம் 1970-இல் நிறைவேறி, 1975 இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் அந்தப் பெண்களில் பலர் ஓய்வு வயதை நெருங்கிவிட்டார்கள்.

முதல் உலகப் போரின் பெண்களும் இந்தச் சிலைக்கு உரியவர்களே. ஷெஃபீல்டை ஒட்டிய டெம்பிள்பரோவில் பீரங்கிக் குண்டு செய்யும் தேசிய ஆலை இருந்தது; ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். அந்தப் போரில் இத்தகைய ஆலைச் செய்திகள் தணிக்கைக்கு உட்பட்டவை. லீட்ஸ் பக்கத்துப் பார்ன்போ ஆலையில் 1916 டிசம்பர் 5-ஆம் தேதி இரவு வெடிவிபத்தில் 35 பெண்கள் இறந்தபோது, அந்த விவரம் போர் முடிந்து ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. செத்ததையே சொல்லாதவர்கள் உழைத்ததையா எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்? இரண்டாம் போரின் பெண்கள் தங்கள் வாயால் சொன்னார்கள்: எந்த ஆலை, எந்த இயந்திரம், எத்தனை வயதில் சேர்ந்தேன், எப்போது அனுப்பினார்கள். டெம்பிள்பரோ பெண்களிடம் அப்படிக் கேட்க 2009-இல் ஆள் மிச்சமில்லை. அவர்கள் பெயரில் யாரும் நாளிதழ் அலுவலகத்தைக் கூப்பிட்டிருக்க முடியாது. கேத்லீனும் தோழிகளும் தங்களுக்காகக் கேட்டபோது, தங்களுக்கு முன் அதே ஆலைகளுக்குப் போனவர்களையும் சேர்த்தே கேட்டார்கள். சிலைக்கு முன்னால் 'இரண்டு போர்கள்' என்று சொல்ல முடிவது அதனால்தான்.